மாடி வீட்டுக் காபியும் என் வயிற்றெரிச்சலும்

மேற்கு மாம்பலம்,
20-11-1994, ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

குருபிரசாத் அநேக நமஸ்காரம். இங்கே நானும் அப்பாவும் க்ஷேமம். புனேயில் நீயும், மாளவிகா அக்காவும், இன்னும் பிறக்காமலேயே உன்னை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு போன அந்தப் பொடியனோ பொடிச்சியோ, அந்தப் பிரகிருதியும் க்ஷேமம் என்று நம்புகிறேன்.

நிற்க. சகலமான உறவினருக்கும் இதனால் தெரியப்படுத்துவது என்னவென்றால், முந்தாநாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து ஐம்பதுக்கு நம் வீட்டுச் சமையலறையில், உன் கை படாமல், அசல் காபி அவதரித்தது. வாசனை தெருமுனை இஸ்திரி வண்டி வரை போனதாகத் தகவல். போட்டவன் அடியேன்.

நீ ரயில் ஏறிய மறுநாளிலிருந்து அப்பா இன்ஸ்டன்ட் தூளைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். பேதிக்குக் கொடுத்த மாதிரி மூஞ்சி. நாலாம் நாள், மாடிப் போர்ஷனுக்குப் புதிதாகக் குடிவந்திருக்கிற ஷரஃபுதீன் மாமா, கடிகாரம் ரிப்பேர் பண்ணுகிறாரே அவர்தான், "சார், ஒரு வாய் காபி சாப்ட்டுப் போங்க" என்று கூப்பிட்டுவிட்டார். போனவர் அரைமணி கழித்துக் கல்யாண வீட்டிலிருந்து வருகிறவர் மாதிரி இறங்கி வந்தார். அந்தக் காபியை மாமா போட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். போட்டது அவர் பையன் ஆசிஃப். என் வகுப்பு, என் பெஞ்ச். கணக்கில் தொண்ணூற்றாறு. கணக்கைத்தான் அவனுக்கே பட்டா போட்டுக் கொடுத்தாகிவிட்டதே, காபியையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா?

"அந்தப் பையன் கைல என்னமோ இருக்குடா" என்றார் அப்பா.

"என் கைல என்னப்பா இருக்கு?"

"அழுக்கு. போய் அலம்பிண்டு வா."

அன்றிலிருந்து தினமும் இதே கதை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வருகிற அப்பாவின் செருப்புச் சத்தம் நம் வாசலில் நிற்பதில்லை, நேரே மாடிப்படி ஏறுகிறது. நான் கீழே வரலாற்றுப் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு, மேலே டபரா வைக்கிற சத்தத்தையும் அப்பா சிரிக்கிற சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நம் வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நீ கேட்டிருக்கிறாயா? எனக்கு ராஜ்ஜியமா வேண்டும்? நான் நீட்டுகிற டம்ளரைக் குடித்துவிட்டு அப்பா ஒரே ஒரு தடவை "நன்னா இருக்குடா" என்று சொன்னால் போதும்.

அதனால் களத்தில் இறங்கினேன். பீபெரி காபிக்கொட்டை கால் கிலோ அரைத்து வாங்கி, உன் பித்தளை ஃபில்டரில் போட்டு, நன்றாக அழுத்தினால்தான் டிகாக்ஷன் திக்காக இறங்கும் என்று நினைத்து, குழவிக்கல்லால் நாலு இடி இடித்தேன். கொதிக்கிற தண்ணீரை விட்டால், விட்ட தண்ணீர் விட்ட இடத்திலேயே தியானம் பண்ணுகிறது. ஒரு மணி நேரம். அப்பா வந்து ஃபில்டரைத் தட்டிப் பார்த்து, "காவேரிகூட வந்துடும்டா, இது வராது" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டார். மறுநாள் அழுத்தாமல் விட்டேன், மழைக்கு ஒழுகுகிற கூரை மாதிரி மொத்தமும் ஒரே நிமிஷத்தில் இறங்கிவிட்டது. அந்தத் தண்ணியில் துணி அலசலாம், அழுக்குப் போகாது. சரி, விஞ்ஞானத்தை நம்புவோம் என்று, அக்கா கல்யாணத்துக்கு யாரோ கொடுத்து, அவள் சாமர்த்தியமாக நம் தலையில் கட்டிவிட்டுப் போன எலெக்ட்ரிக் காபி மெஷினைப் பரணிலிருந்து இறக்கிச் சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம், வீடு முழுக்க ஃப்யூஸ். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்த வீட்டுக்கார தணிகாசலம் மாமா லுங்கியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"இன்னா தம்பி பண்ணிக்கினு கீறே? பந்து மேல போச்சு, கேட்சா சிக்ஸரான்னு தெரியாம குந்திக்கினு கீறேன்!"

"காபி மாமா."

"காபியா? நான் ராக்கெட் வுடறேன்னு நெனச்சேன்."

மானம் போன பிறகு வெட்கம் எதற்கு? ஜாமெட்ரி பாக்ஸ் கடன் கேட்கிற சாக்கில் மாடிக்குப் போய் ஆசிஃப் காபி போடுவதை நின்று வேவு பார்த்தேன். அம்மா, அவர்கள் வீட்டில் ஃபில்டரே கிடையாது! ஒரு பாத்திரத்தில் தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்தான். மூணு கரண்டி தூளைப் போட்டு ஒரு கலக்கு. தட்டைப் போட்டு மூடினான். நாலு நிமிஷம் சும்மா நின்றான். பிறகு வெள்ளைத் துணியில் வடிகட்டினான், பாலை விட்டான்.

"இவ்ளோதானா?" என்றேன்.

"வேற இன்னா மச்சி, மந்திரமா ஓதுவாங்க? மூடிட்டு நாலு நிமிசம் தொறக்காம இருக்கணும், அதான் கஸ்டம். உன்னால முடியாது."

வெள்ளிக்கிழமை அதே முறையில் நானே போட்டேன். என் சொந்த மூளையால் சில திருத்தங்களும் செய்தேன், அவை ராணுவ ரகசியம். அப்பாவை வாசலிலேயே மடக்கி டம்ளரை நீட்டினேன். ஒரு வாய் குடித்தார், கண்ணை மூடினார். "நன்னா இருக்குடா. ஆசிஃப் போடறதைவிட ஒரு படி மேல" என்றார். இரண்டு காதாலும் கேட்டேன். அன்று அவர் மாடிக்குப் போகவில்லை. ஆகவே அம்மா, நீ வந்ததும் ஃபில்டரைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டு என்னிடம் சிஷ்யையாகச் சேரலாம். ஃபீஸில் சலுகை உண்டு.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். அக்காவிடம் கனமான வாளி எதுவும் தூக்கவேண்டாம் என்று சொல். பிறக்கப்போகிறவருக்கு மாமன் என்ற முறையில் தீர்க்காயுசு, ஆனால் பிறந்த கையோடு உன்னைப் பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

இப்படிக்கு உன் மகன்,
காபி சக்கரவர்த்தி குருபிரசாத்

பி.கு.: நீ எப்படியும் கண்டுபிடித்துவிடுவாய், நானே சொல்லிவிடுகிறேன். வடிகட்டுகிற துணியில்தான் சூட்சுமம் என்று நினைத்து, வெள்ளிக்கிழமை ஆசிஃப் வீட்டுக் கொடியிலிருந்து ஒரு வெள்ளைத் துணியைச் சுட்டுக்கொண்டு வந்துவிட்டேன். அதில் வடிகட்டிய காபி தையல் மெஷின் எண்ணெய் மாதிரி நாறியது. ஆசிஃப் துணியைத் தேடிக்கொண்டு கீழே வந்து, மோந்து பார்த்து, "டேய், இது அத்தா கடியாரம் தொடைக்கிற துணிடா!" என்று தரையில் உட்கார்ந்து சிரித்தான். அப்பா வர பத்து நிமிஷம்தான் இருந்தது. ஓடிப்போய் வேறு துணி கொண்டுவந்து புதிதாக அவனே காபி போட்டான். திருத்தம், ராணுவ ரகசியம் எல்லாம் புளுகு. நான் செய்தது டம்ளரை நீட்டியது மட்டும். அப்பா பாராட்டியபோது அவன் பக்கத்திலேயேதான் நின்றான். "நான் சும்மா பாக்க வந்தேன் அங்கிள், போட்டது அவன்தான்" என்றான். நான் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இன்னும் கொஞ்ச நாள் அவன் மேல் பொறாமைப்படலாம் என்று பார்த்தேன், பாவி, அதற்கும் வழி வைக்கவில்லை. அப்பா இப்போது கூடத்திலிருந்து, "குரு, அதே மாதிரி இன்னொரு டம்ளர் போடுடா" என்று குரல் கொடுக்கிறார். பின்பக்கமாக மாடிக்குப் போய் ஆசிஃபைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.