விசாரிக்க வந்தவரிடம் எங்கள் தெரு சொன்னது

கடத்தூர்,
புதன்கிழமை.

மதிப்பிற்குரிய மச்சான் பெரியண்ணன் அவர்களுக்கு, உங்கள் தங்கை புருஷன் தீர்த்தகிரி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு உங்கள் தங்கை அமுதவல்லி நலம், மகள் கவிப்பிரியா நலம், கறவை மாடுகள் இரண்டும் நலம். நான் மட்டும் நலமாக இல்லை. ஓசூரில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இந்த விஷயத்தில் இனி ஓட வேண்டியவர் நீங்கள்தான்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்பீர்கள். இந்த வீட்டில் நான் போனை எடுத்தாலே இரண்டு பேர் காதைத் தீட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். எனக்கு வரும் வாட்ஸ்அப்பைக்கூடக் கவிதான் படித்துச் சொல்கிறாள். அவளுக்குத் தெரியாமல் சொல்ல வேண்டியது இது: அவள் வேலையை எங்கள் தெரு கெடுத்துவிட்டது.

இன்ஜினியரிங் முடித்து இரண்டு வருஷத்தில் அவள் பதினோரு இன்டர்வியூ போய்விட்டாள். எல்லா இடத்திலும் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், யாரும் சொல்லி அனுப்பவில்லை. உங்கள் ஊர்க் கம்பெனி பன்னிரண்டாவது. அதற்கு நானே அதிகாரியாக உட்கார்ந்து அவளுக்குப் பயிற்சி கொடுத்தேன். உன் பலவீனம் என்ன என்று கேட்டேன். எடுத்த வேலையை முடிக்காமல் விட மாட்டேன் என்றாள். “அது பலவீனமா? சோத்தைப் பாதியில வெச்சிட்டு எந்திரிச்சுப் போறதுதானே ஒன் பலவீனம்?” என்றேன். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். ஆனாலும் மூன்று சுற்றும் தேறிவிட்டாள். வெரிஃபிகேஷன் ஒன்று இருக்கிறது, அது முடிந்தால் பத்து நாளில் ஆர்டர் என்றாள். அன்றிலிருந்து வண்டிச் சத்தம் கேட்டாலே, விசாரிக்கக் கம்பெனி ஆள் வந்துவிட்டாரோ என்று வாசலுக்கு ஓடுகிறேன்.

நேற்று நான் பால் சொசைட்டிக்குப் போயிருந்த நேரம் பார்த்து அந்த ஆள் வந்துவிட்டார். சட்டையை உள்ளே விட்டு பெல்ட், கையில் டைரி. எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. வெளியாள் வந்து ஒரு பெண்ணைப் பற்றி விசாரித்தால், சம்பந்தம் பேசத்தான் என்று எடுத்துக்கொண்டு ஆளாளுக்குப் புகழ்ந்து தள்ளுவார்கள். எதிர்வீட்டுப் பாஞ்சாலி தொடங்கி வைத்திருக்கிறாள். “கவிங்களா? தங்கமான புள்ளைங்க. நாலு பேரு முன்னால வாயே தொறக்காது. வூட்ட வுட்டு வாசல் தாண்டாது. வேலை கீலைக்குப் போவணும்னு நெனப்பே இல்லைங்க.” பக்கத்து வீட்டு மாது விடுவானா? “அப்பிடியே போனாலும் கண்ணாலம் ஆயிட்டா நின்னுக்குமுங்க” என்று முடித்திருக்கிறான். அவர் எல்லாவற்றையும் டைரியில் எழுதிக்கொண்டாராம். மச்சான், அந்த வேலை என்ன தெரியுமா? செய்த சாமானைப் பார்த்து, இது சரியில்லை, திரும்பச் செய் என்று நூறு பேரிடம் நாள் முழுக்கச் சொல்கிற வேலை!

இதைப் பாஞ்சாலி பெருமையோடு என்னிடம் சொன்னதும் பால் கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்துவிட்டேன். “சார், நான்தாங்க பொண்ணோட அப்பன். தெருவுல சொன்னதெல்லாம் பொய்யிங்க. எம்பொண்ணு வாயத் தொறந்தா மூடாதுங்க. தப்புன்னு பட்டா எவனா இருந்தாலும் மூஞ்சிக்கு நேராச் சொல்லிப்புடுவா. நைட் ஷிப்டுக்குத் தனியா வண்டியெடுத்துக்கிட்டுப் போயிருவா. சோறாக்கத் தெரியாதுங்க, அதனால நேரம் வீணாவாது. கண்ணாலப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு எங்களையே மெரட்டி வெச்சிருக்கா” என்று மூச்சு விடாமல் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. “பெத்தவரு நீங்களே இப்பிடிச் சொல்றீங்களே?” என்றார். “பெத்தவன் சொல்றதுதாங்க நெசம்” என்றேன். டைரியை மூடினார், வந்த முதல் பஸ்ஸில் ஏறிவிட்டார். அது பாப்பிரெட்டிப்பட்டி பஸ், அவர் கேட்டுக்கொண்டிருந்ததோ தர்மபுரி பஸ்.

எனக்குப் பயமாக இருக்கிறது மச்சான். இதுவும் போனால் அந்தப் பிள்ளை முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? சனிக்கிழமைக்குள் நீங்கள் அந்தக் கம்பெனிக்குப் போய், வாட்ச்மேன் காலில் விழுந்தாவது உள்ளே நுழைந்து, தெரு சொன்னதை நம்ப வேண்டாம், அப்பன் சொன்னதை நம்புங்கள் என்று சொல்லுங்கள்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்குக் கம்பெனி வாசலில் நிற்கிற வரைக்கும் தெம்பு.

தங்கள் அன்புள்ள,
தீர்த்தகிரி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது உங்கள் போன் வந்தது. கவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டாள். “மாப்ள, நம்ம கவிக்கு ஒரு நல்ல எடம் வந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்லாம ஆளனுப்பி விசாரிச்சேன். எவனோ பைத்தியக்காரன் பஸ் ஸ்டாப்புல பொண்ணோட அப்பன்னு சொல்லிக்கிட்டு வந்து எல்லாத்தையும் கெடுத்துட்டானாம். யாருன்னு பாருங்க” என்றீர்கள். பார்த்துவிட்டேன் மச்சான். மேலே நீங்களும் படித்திருப்பீர்கள்.

கம்பெனியிலிருந்து யாரும் வருவதாகவே இல்லையாம். ஆதாரையும் வீட்டுப் போட்டோவையும் கவி போனிலேயே அனுப்பி முடித்துவிட்டாளாம். ஆர்டர் இன்று காலையிலேயே வந்துவிட்டது. அப்பா ஏதோ முக்கியமாக எழுதுகிறாரே என்று சொல்லாமல் காத்திருந்திருக்கிறாள். திங்கட்கிழமை சேர வேண்டும். நீங்கள் எங்கேயும் போக வேண்டாம்.

கைவிட்டுப் போன சம்பந்தத்துக்காக அமுதவல்லி அழுதுகொண்டிருக்கிறாள். “அந்த ஆளுகிட்ட அப்பிடி என்னதாம்பா சொன்னீங்க?” என்று கவி கேட்டாள். கடிதத்தை நீட்டினேன். பஸ் நிறுத்தத்தில் நான் பேசியதை இரண்டு தடவை படித்தாள். “பதினோரு இன்டர்வியூவுல என்னப் பத்தி நானே இவ்வளவு நல்லாச் சொன்னதில்லப்பா” என்றாள்.