தசை செல்களின் வருகைப் பதிவேடு

எங்கள் தசை ஆராய்ச்சி நிலையத்தில் இனி யாரும் சும்மா இருக்கக்கூடாது என்று மேலிடம் ஆணை பிறப்பித்து, அதைக் கண்காணிக்க ஒரு செயல்திறன் அதிகாரியையும் அனுப்பிவைத்தது. நான் அலுவலக எழுத்தர். பதிவேட்டைச் சுமந்துகொண்டு அவர் பின்னால் போவது என் வேலை.

மூன்றாம் மாடியில் ஆய்வாளர் அம்மா நுண்ணோக்கியைக் காட்டினார். எலியின் கால் தசை. நீளமான தசை இழையின் ஓரத்தில் சின்னஞ்சிறு ஸ்டெம் செல் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன பண்ணுது?" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் பண்ணலை சார். தசை கிழிஞ்சா முழிச்சுக்கும். பெருகி, புதுத் தசை கட்டும்."

"கிழியலைன்னா?"

"தூங்கும்."

"எத்தனை நாளா?"

"இந்த எலிக்கு ரெண்டு வயசு சார்."

அதிகாரி என்னைப் பார்த்தார். பதிவேட்டில் இரண்டே கட்டங்கள்: பணி, விடுப்பு. தயாராகக் காத்திருப்பதற்குக் கட்டம் கிடையாது. ஆகவே மேற்படி செல் இரண்டாண்டுகளாக அனுமதியற்ற விடுப்பில் இருப்பதாகக் குறித்துக்கொண்டேன்.

"சரி, தசை கட்டி முடிச்சதும்?"

"கொஞ்சம் செல் திரும்பத் தூங்கப் போயிடும். அடுத்த காயத்துக்கு இருப்பு வேணும்ல?"

"வேலைக்கு வந்த இடத்துல தூக்கமா! யாரு அனுமதி கொடுத்தது?"

அன்று மாலையே சுற்றறிக்கை போனது: 'அனைத்துத் தசை செல்களும் இடையறாது பெருகிக்கொண்டிருத்தல் வேண்டும். மீண்டும் உறங்கச் செல்வது ஒழுங்கீனமாகக் கருதப்படும்.' தட்டச்சு செய்தது நான்தான்.

"சார், இருப்பு தீர்ந்துடும். எலிக்கு நாங்க போடற ரெண்டாவது காயமும் அடுத்த மாசம் ஆறிக் காட்டணும். இல்லேன்னா என் நாலு வருஷ ஆராய்ச்சியை மூடிடுவாங்க" என்று ஆய்வாளர் கெஞ்சினார்.

"தீர்ந்தா புதுசுக்கு விண்ணப்பம் போடுங்க."

உறக்கத்தைக் கலைக்கும் மருந்து எலிகளுக்குப் போடப்பட்டது. முதல் காயம் பிரமாதமாக ஆறியது. அதிகாரி எலியோடு படம் எடுத்துக்கொண்டார். இரண்டாவது காயம் ஆறவில்லை. தசை இருந்த இடத்தில் வெறும் தழும்புதான் வந்தது. எலிகள் காலை இழுத்து இழுத்து நடந்தன. ஆனாலும் 'பணி' என்ற கட்டம் முழுதும் நிரம்பியிருந்ததால் பாராட்டுச் சான்றிதழ் தயாரானது.

அதை ஆய்வாளரிடம் கொடுக்க அதிகாரி படியேறினார். அழைப்புக்காகச் சும்மா உட்கார்ந்திருந்த குற்றத்துக்காக லிஃப்ட்காரரை அவரே நீக்கி, லிஃப்டையும் பூட்டியிருந்தார். இரண்டாம் மாடியில் அவருடைய கெண்டைக்கால் தசை கிழிந்தது. மூன்று வாரம் அசையக்கூடாது என்றார் மருத்துவர்.

மறுநாள் அதிகாரியிடமிருந்து தொலைபேசி வந்தது.

"எனக்கு விடுப்புன்னு போட்டியாமே?"

"பணியில இல்லையே சார்."

"யோவ், உள்ளே என் செல்லெல்லாம் வேலை பார்க்குது. நான் காத்திருக்கேன். அதுக்கு ஒரு கட்டம் போடுய்யா!"

அவசர ஆணையின் பேரில் 'காத்திருப்பு' என்ற மூன்றாவது கட்டம் உதயமாயிற்று. அடுத்த நாள் காலை ஊழியர்கள் நூற்றுப் பதினான்கு பேரும் அதில்தான் கையெழுத்துப் போட்டோம். முதல் கையெழுத்து என்னுடையது.

பெருந்தன்மையோடு எலிகளின் பக்கத்தைத் திருப்பி ஆய்வாளரிடம் நீட்டினேன்.

"மேடம், இப்போ கட்டம் வந்துடுச்சு. உங்க செல்லையெல்லாம் காத்திருப்புல போட்டுக்கலாம்."

அவர் பேனாவைத் தொடவில்லை.

"கட்டம் வந்துடுச்சு. செல்லுதான் இல்லை."

பதிவேட்டில் எந்தப் பக்கத்தையும் வெறுமையாக விடக்கூடாது என்பது விதி. 'விடுப்பு' என்று நானே எழுதிக்கொண்டேன்.