ஐஸ்பெட்டி அண்ணனும் ஒரு பிடி நஞ்சுக்கொடியும்

பெக்கோக் பக்கம் செம்பனைக் குலை வெட்டும் வேலை நின்றுபோனதால், லோரி ஏறியும் நடந்தும் பண்டார் தெங்காராவை நெருங்கிக்கொண்டிருந்தேன். சோறு பார்த்து இரண்டு நாள். செருப்பில் ஒன்றுதான் மிச்சம். அப்போது என் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார், மாடு கன்று போடுவதை மாட்டைவிட ஆவலாக எதிர்பார்க்கும் ஒரே மனிதர்.

“தம்பி, ஓடத் தெரியுமா?”

“நடக்கவே முடியலண்ணே.”

“பரவால்ல, ஏறு. ராணி கன்னு போடப் போவுது!”

ராணி ஒரு மாடு என்பது பாதி வழியில்தான் தெரிந்தது. சுற்று வட்டாரத்தில் அவருக்குப் பெயர் ஐஸ்பெட்டி. பின்சீட்டில் எப்போதும் ஒரு ஐஸ்பெட்டி கட்டியிருக்கும். சிங்கப்பூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் பல வருடம் கண்ணாடிக் குழாய் கழுவியவர். கழுவிய நேரத்தில் காதில் விழுந்ததை எல்லாம் மனப்பாடம் செய்துவிட்டார். இப்போது பெர்மாஸ் ஜெயாவில் ஓர் ஆராய்ச்சி மாணவிக்கு மாட்டின் நஞ்சுக்கொடி பிடித்துக் கொடுக்கிறார். சுடச்சுட எடுத்து ஐஸில் வைத்தால்தான் உதவுமாம். முதல் கொடியை மாடே தின்றுவிட்டது. இரண்டாவது வெயிலில் கெட்டது. மூன்றாவது, பெட்டியோடு சாலையில் விழுந்து நாய்களுக்குப் போனது. இந்த வட்டாரத்தில் ராணிதான் கடைசிச் சினைமாடு. இதையும் விட்டால் அந்தப் பெண்ணின் படிப்பு அரைகுறையாக நின்றுவிடும்.

“ஏதோ ஒரு காலத்துல ஒரு வைரஸ் நம்ம உடம்புக்குள்ள திருட வந்துச்சுடா. செல்லோட செல்ல ஒட்டுற வித்தை அதுகிட்ட இருந்துச்சு. உடம்பு என்னா செஞ்சிச்சு? அந்த மரபணுவையே புடிச்சு உள்ள வச்சுக்கிச்சு! அதவச்சுத்தான் நஞ்சுக்கொடி தாயோட ஒட்டுது!” கைப்பிடியை விட்டு இரண்டு கையாலும் விளக்கினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“அப்ப நானும் எங்கம்மாவும் ஒட்டியிருந்தது வைரஸாலயா?”

“பின்ன!”

போய்ச் சேர்ந்தபோது கன்று விழுந்திருந்தது. இரண்டு மணி நேரம் கழித்து நஞ்சுக்கொடியும் விழுந்தது. ஐஸ்பெட்டி பாய்ந்தார். மாட்டுக்காரி மங்களம் அக்கா குறுக்கே நின்றார்.

“தொடாதீங்க! இத பால்மரத்துல கட்டணும். இல்லன்னா பால் வத்திரும். எனக்குப் பொழப்பே இந்தப் பால்தான்.”

“நகத்தளவு போதும்கா.”

“நகத்தளவு குடுத்தா நகத்தளவு பால் கொறையும் லா!”

அண்ணன் அவருக்கும் வைரஸ் பாடத்தை ஆரம்பித்தார். “மனுசன் புடிச்சது ஒரு வைரஸ், மாடு புடிச்சது வேற. தனித்தனியா புடிச்சும் ரெண்டும் ஒரே வேலைய செய்யுதுக்கா!” அக்கா வாயைப் பிளந்தார்.

“அண்ணே, மாடு...” என்றேன்.

“இரு தம்பி, இன்னும் எலிக்கே வரல!”

“அது முக்கால்வாசி தின்னுருச்சுண்ணே.”

“அலமாக்!”

ராணி வாயில் ஒரு முனை, அண்ணன் கையில் மறுமுனை. அண்ணன் இடுப்பை நான் பிடித்தேன், என் சட்டையை அக்கா பிடித்தார். மூன்று பேரும் சாணியில் மல்லாந்து விழுந்தபோது அண்ணன் கையில் ஒரு பிடி கிடைத்திருந்தது. அதில் ஒரேயொரு சிவப்புக் கட்டி, சட்டைப் பொத்தான் மாதிரி. தாயும் கன்றும் ஒட்டியிருந்த இடம் அதுதானாம். விழுந்த கோலத்திலேயே அதில் நகத்தளவு வெட்டிப் பெட்டியில் வைத்தார். மீதியை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார்.

“கட்டுங்கக்கா. உங்க பாலும் நிக்கணும்.”

அக்கா அதைக் கோணித்துண்டில் சுற்றி, தோட்டத்தில் மிஞ்சியிருந்த ஒற்றை ரப்பர்ப் பால்மரத்தில் அண்ணன் கையாலேயே கட்டச் சொன்னார். ஏறிக் கட்டிவிட்டு இறங்கியவர், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து ஒரு கும்பிடும் போட்டார். பிறகு அக்கா எங்களுக்குச் சோறு போட்டார். அண்ணன் தன் தட்டில் இருந்த மீனை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, எலியின் வைரஸிலிருந்து தொடர்ந்தார்.

மறுநாள் காலை பெட்டியில் புது ஐஸ் போட்டுக்கொண்டு பெர்மாஸ் ஜெயாவுக்குக் கிளம்பினோம். எத்தனையோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு நடந்தவன் நான். அன்று எனக்குக் கிடைத்த வேலை, பின்சீட்டில் உட்கார்ந்து ஐஸ்பெட்டி விழாமல் மடியில் வைத்துக்கொள்வது. அவர் மறுபடி கைப்பிடியை விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். ஒரு கையால் பெட்டியையும் மறுகையால் அவரையும் பிடித்துக்கொண்டேன்.