இரவல் கம்பளம்

“அப்படின்னா உங்களுக்கே எடுத்துக்கங்க” என்று சொன்ன வாயை லஸ்ஹர் இன்னும் மூடவில்லை. அதற்குள் பிர்கித் எழுந்து, தேநீர்க் கோப்பைகளை ஓரமாக நகர்த்திவிட்டு, கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கிவிட்டாள்.

ஐன் ஸித்ரா ஊரில் இப்படியொரு காட்சியை யாரும் கண்டதில்லை. விருந்தாளி ஒரு பொருளை அழகு என்றால், வீட்டுக்காரர் ‘உங்களுக்கே’ என்பார். விருந்தாளி நெஞ்சில் கைவைத்து, ‘அல்லா அதை உங்க வீட்லயே வச்சிருக்கட்டும்’ என்பார். வீட்டுக்காரர் இன்னொரு தரம் வற்புறுத்துவார், விருந்தாளி இன்னொரு தரம் மறுப்பார். இரண்டு பேருக்கும் மனசு நிறையும், பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும். இந்த வகையில் லஸ்ஹர் தன் மொபெட்டை எத்தனையோ பேருக்குத் தானம் செய்திருக்கிறார். இன்றைக்கும் அதில்தான் பட்டறைக்குப் போய்வருகிறார்.

பிர்கித்துக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது போலிருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்தவள், சைக்கிளிலேயே துனிசியாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஊருக்கு வெளியே சங்கிலி அறுந்துபோய், லஸ்ஹரின் பட்டறைவரை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தாள். அரபு நன்றாகவே பேசினாள். ஆனால் அது மாலை வகுப்பில் படித்த இலக்கண அரபு. அந்தப் பேச்சை ஊரார் பள்ளிவாசல் பிரசங்கத்திலும் டிவி செய்தியிலும்தான் கேட்டிருக்கிறார்கள். “தங்கள் உழைப்பிற்கு யாது ஊதியம், ஐயா?” என்று அவள் கேட்டபோது லஸ்ஹருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ஊதியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்கு வந்து ஒரு வாய் குஸ்குஸ் சாப்பிடுங்கள் என்று அழைத்து வந்துவிட்டார்.

அழைத்து வந்த நாள்தான் சரியில்லை. மனைவி மனூபியா வீட்டிலிருந்த கம்பளம் எல்லாவற்றையும் ஊற்றங்கரைக்குக் கொண்டுபோய்த் துவைத்துக் காயப்போட்டிருந்தாள். கூடத்தில் கிடந்தது ஒரு பிளாஸ்டிக் பாய்.

“வெளிநாட்டுப் பொண்ண இதுலயா உக்கார வைப்பீங்க? நம்ம மானம் டென்மார்க் வரைக்கும் போவணுமா?” என்று அவள் வாசலில் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோதுதான் பக்கத்து வீட்டு நஜியா எட்டிப்பார்த்தாள்.

“இதுக்கா இப்படிக் கலங்குற? எங்க வீட்டுக் கம்பளத்தை எடுத்துப் போடு. அந்தப் பொண்ணு அதுவரைக்கும் எங்க வீட்ல கைகால் கழுவட்டும்” என்றாள். சொன்னதும், தெருவில் சைக்கிளோடு நின்ற விருந்தாளியின் கையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் அழைத்துப்போனாள். அப்படி வந்த கம்பளம்தான் இப்போது சுருண்டு, பிர்கித்தின் சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்திருந்தது.

“தங்கள் பெருந்தன்மையை என் வாழ்நாள் முழுதும் மறவேன்” என்று சொல்லிவிட்டு அவள் தெருமுனையில் மறைந்தாள்.

மனூபியா கதவைச் சாத்தினாள். “ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு அள்ளிக் குடுத்துட்டீங்களே. அது யாரு நெய்த கம்பளம்னு தெரியுமில்ல?”

தெரியாமல் என்ன? நஜியாவின் மாமியார் ஷத்லியா நெய்தது. ஒரு குளிர்காலம் முழுக்கத் தறியில் குந்தி நெய்தது. நடுவில் ஓர் ஒட்டகம் இருக்கும். அதை நாய் என்று நினைத்துக் கேட்ட தபால்காரரிடம் ஷத்லியா இன்றுவரை பேசுவதில்லை. கடிதங்களை ஜன்னல் வழியாகத்தான் வாங்குகிறாள். இப்போது மகளின் பிரசவத்துக்காக ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குப் போயிருக்கிறாள், வெள்ளிக்கிழமை மதிய பஸ்ஸில் திரும்புகிறாள்.

லஸ்ஹருக்கு ஷத்லியாவின் வாய்கூடப் பெரிதாகப் படவில்லை. நஜியாதான் அவருக்குப் பெரிய கவலை. மனூபியா ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம், இவர்களுடைய பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சோறு போட்டவள் அவள். கூடப்பிறந்த தங்கை இருந்தாலும் அவ்வளவு செய்திருக்க மாட்டாள். அவள் நம்பிக் கொடுத்த பொருளை இல்லாமல் ஆக்கிவிட்டு எந்த முகத்தோடு அவள் முன்னால் நிற்பது?

“அந்தப் பொண்ணுகிட்ட உண்மையச் சொல்லிக் கேட்டு வாங்கிட்டு வாங்களேன்” என்றாள் மனூபியா.

“இரவல் கம்பளத்துல உக்கார வச்சேன்னு விருந்தாளிகிட்ட சொல்லச் சொல்றியா? அதுக்கு நான் அந்த ஊத்துலயே விழுந்துடுவேன்.”

“ஊத்துல முழங்கால் தண்ணிதான் இருக்கு. வேற வழி யோசிங்க.”

வேறு வழி அவருக்குக் காலையில் தோன்றியது. பிர்கித் வியாழக்கிழமைச் சந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று ரொட்டிக்கடை மாடியில் அறை எடுத்திருந்தாள். போகவேண்டியது, கம்பளத்தைப் புகழவேண்டியது. நம் வழக்கப்படி சொன்னதைத்தானே வாங்கிக்கொண்டாள், அதே வழக்கப்படி கொடுக்கட்டுமே.

கம்பளம் அவள் கட்டிலுக்கு எதிரே சுவரில் தொங்கியது. லஸ்ஹர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். “என்ன அழகு. கண்ணை எடுக்க முடியலம்மா.”

“ஆம்” என்றாள் பிர்கித், கண்கள் பளபளக்க. “கொடுத்த பின்னும் அதன்மீது இத்தனை அன்பு கொண்டிருக்கிறீர்களே. கொடைக்கு இதனினும் சிறந்த இலக்கணம் உண்டோ?”

“இல்ல... அந்த ஒட்டகம் இருக்குல்ல, அது ரொம்ப...”

“அது ஒட்டகமா?” என்று அவள் அருகில் போய்ப் பார்த்தாள். “நன்றி ஐயா. இனி யாரேனும் கேட்டால் தயங்காமல் கூறுவேன்.”

லஸ்ஹர் இரண்டு ரொட்டி வாங்கிக்கொண்டு திரும்பினார். தெருவில் நஜியா மறித்தாள். “என்னண்ணே, அந்தப் பொண்ணு ஊருக்குக் கிளம்பிட்டாளா?”

“இன்னும் இல்ல தங்கச்சி. வெள்ளிக்கிழமை காலையிலதான்.”

“வெள்ளிக்கிழமையா? அவ்வளவு நாள் இங்க என்ன பண்றா?” என்றாள் கொஞ்சம் வாட்டமாக. லஸ்ஹரின் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, “கம்பளத்துக்கு ஒண்ணும் அவசரமில்ல. உங்க வீட்லயே கிடக்கட்டும்” என்று சேர்த்துக்கொண்டாள்.

லஸ்ஹர் ரொட்டியை இடுக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இந்த மனசுக்கு முன்னால் நாமெல்லாம் ஒரு மனுஷனா? ஊரிலும் அதுதான் பேச்சு. அந்தக் கம்பளத்தை யார் புகழ்ந்தாலும் நஜியா ஒரு தரம் இல்லை, நாலு தரம் ‘எடுத்துட்டுப் போங்க’ என்று கையைப் பிடித்துக் கெஞ்சுவாள். இப்படி மனசார உபசரிக்கிற பெண் இந்த மாவட்டத்திலேயே கிடையாது என்று சொல்லிவிட்டு எல்லோரும் மறுத்துவிட்டுப் போவார்கள்.

அடுத்த யோசனை மனூபியாவுடையது. “சைக்கிள் எத்தனை தாங்கும்? கம்பளத்தைவிடப் பெருசா ஒண்ணைக் குடுப்போம். அதை எடுத்தா இதை விட்டுட்டுத்தானே போவணும்.”

“நம்ம வீட்ல பெருசா என்ன இருக்கு?”

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கொல்லைப்புறம் பார்த்தார்கள். அங்கே குர்பானிக்காக வளர்த்த கிடா பாஷா, பார்லி தின்றுவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்தால் பெருநாளுக்கு என்ன செய்வது என்று லஸ்ஹர் கேட்டார். “அவ எங்க கொண்டுபோவா? ரெண்டையும் பார்த்து மலைச்சுப்போய், ரெண்டையும் விட்டுட்டுப் போயிடுவா பாருங்க” என்றாள் மனூபியா. கணக்கு சரியாகத்தான் பட்டது.

ரொட்டிக்கடை வாசலில் பாஷாவைப் பார்த்ததும் பிர்கித் தரையில் மண்டியிட்டு அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“நான் இறைச்சி உண்பதில்லை ஐயா. ஆகவே இவர் அச்சமின்றி என்னுடன் பயணம் செய்யலாம்.”

அன்றைக்கு விருந்தில் மனூபியா அவள் பக்கம் தள்ளிய இறைச்சித் துண்டுகளெல்லாம் ஏன் தன் பக்கமே திரும்பி வந்தன என்பது லஸ்ஹருக்கு இப்போதுதான் விளங்கியது. “ஆனா சைக்கிள்ல எப்படிம்மா? ஒரு கிடா, ஒரு கம்பளம். ஏதாவது ஒண்ணை விட்டுட்டுத்தான் போவணும். கனம் கம்மியா இருக்கறதை விட்டுடுங்களேன்.”

“எதையும் விடேன். பின்னால் இணைக்க ஒரு சிறு வண்டி போதும். அதைச் செய்யவல்லவர் இவ்வூரில் யார் என விசாரித்தேன்” என்று அவள் புன்னகைத்தாள். “எல்லோரும் தங்கள் பெயரையே கூறினர்.”

தன் கம்பளத்தை, இல்லை, நஜியாவின் கம்பளத்தை, ஊர்விட்டு ஊர் கொண்டுபோகிற வண்டியைத் தன் கையாலேயே செய்யவேண்டிய நிலைமை எந்த மனுஷனுக்கும் வரக்கூடாது. திருகாணியை அரைகுறையாக முடுக்கிவிடலாமா என்று லஸ்ஹர் நினைக்காமல் இல்லை. ஊர் எல்லையில் சக்கரம் கழன்றால் எல்லாம் தானாகத் திரும்பி வந்துவிடும். ஆனால் வேலையில் இறங்கியதும் கை கேட்கவில்லை. பழைய மொபெட்டின் இரண்டு சக்கரம், நல்ல இரும்புச் சட்டம், பாஷா வழுக்கி விழாமலிருக்க அடியில் பலகை, வெயிலுக்கு ஒரு மறைப்பு. அவர் ஆயுசில் அப்படியொரு வண்டி செய்ததில்லை. பட்டறையில் கூடிய ஆட்கள் பார்த்துப் பார்த்துப் புகழ்ந்தார்கள். ‘உங்களுக்கே எடுத்துக்கங்க’ என்று நாக்கு நுனிவரை வந்ததை லஸ்ஹர் கடித்து நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை பிர்கித் கிளம்பிவிட்டாள். வழியனுப்பிய ரொட்டிக்கடைக்காரர் சொன்னார்: “கிடா என்னமோ மந்திரி மாதிரி உக்காந்துட்டுப் போவுது லஸ்ஹர். கம்பளத்து மேலதான்.”

“கம்பளத்து மேலயா?”

“மெத்துமெத்துன்னு இருக்கட்டும்னு விரிச்சுவிட்டா.”

இதற்குமேல் லஸ்ஹரால் தாங்க முடியவில்லை. மானமாவது மண்ணாங்கட்டியாவது. மொபெட்டை உதைத்துக் கிளப்பிக்கொண்டு காஃப்ஸா சாலையில் பறந்தார். ஆலிவ் தோப்புகளைத் தாண்டி, மேடேறுகிற இடத்தில் வண்டி தெரிந்தது. பாஷா அவரைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

“அம்மா, நில்லுங்க. என்னை மன்னிச்சிடுங்க. அந்தக் கம்பளம் என்னுது இல்ல. பக்கத்து வீட்ல வாங்கிப் போட்டது. இரவல்.”

அறுபது வயதை நெருங்குகிற ஆள், சாலையோரத்தில் நின்று, தன் வீட்டில் விரிக்க நல்ல விரிப்பு இல்லை என்று ஒரு அந்நியப் பெண்ணிடம் சொல்கிறார். அவமானத்தில் கண் கலங்கிவிட்டது.

பிர்கித்தின் முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள், நிறுத்திக்கொண்டாள். “ஐயா, இதைத் திருப்பித் தர இயலாதே. நான் ஒருவருக்கு வாக்களித்திருக்கிறேன்.”

தாய்க்குக் கொண்டுவருவதாகச் சொல்லியிருப்பாள் என்று லஸ்ஹர் நினைத்தார். “அவங்ககிட்ட நிலைமையைச் சொன்னா புரிஞ்சுக்குவாங்கம்மா. எனக்குக் கம்பளம் பெருசில்ல. அந்தப் பொம்பளை என் தங்கச்சி மாதிரி. அவ முகத்துல முழிக்கணும் நான்.”

பிர்கித் சைக்கிளை ஓரமாக நிறுத்தினாள். பிறகு பாஷாவை மெதுவாக எழுப்பி, கம்பளத்தை உருவி, உதறி, மடித்துக் கொடுத்தாள். “தங்கள் கண்ணீரைவிட என் வாக்கு பெரிதன்று. அவரிடம் என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.”

கடைசி வார்த்தை லஸ்ஹர் காதில் விழவே இல்லை. சந்தோஷத்தில் பாஷாவை அவளுக்கே மறுபடி ஒரு தரம் கொடுத்தார். அவள் மறுபடி ஒரு தரம் வாங்கிக்கொண்டாள்.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆட்கள் வீடு திரும்புகிற நேரத்தில் அவர் தெருவுக்குள் நுழைந்தார். மனூபியா வாசலிலேயே காத்திருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து கம்பளத்திலிருந்து கிடாவின் ரோமத்தைப் பொறுக்கினார்கள். நஜியாவின் கதவைத் தட்டும்போது, பஸ் நிற்கும் திருப்பத்தில் ஷத்லியாவின் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது. மூட்டையை இறக்கிய ஆளை வைதுகொண்டிருந்தாள்.

கதவைத் திறந்த நஜியா, அவர் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

“தங்கச்சி, உன்கிட்ட எதையும் மறைக்க மாட்டேன்” என்று லஸ்ஹர் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினார். புகழ்ந்தது, கொடுத்தது, கிடா போனது, வண்டி செய்தது, சாலையில் நின்று அழுதது எல்லாம். “என் மானம் போச்சு, பெருநாள் கிடாவும் போச்சு. போகட்டும். உன் கம்பளத்துல ஒரு நூல் பிரியாம கொண்டாந்து சேர்த்துட்டேன்.”

நஜியா கம்பளத்தைக் கையில் வாங்கினாள். நின்ற இடத்திலேயே வாசற்படியில் உட்கார்ந்தாள். ஷத்லியாவின் செருப்புச் சத்தம் தெருவுக்குள் வந்துவிட்டது.

“அண்ணே” என்றாள் அழுகிற குரலில், “கை கழுவ வந்தப்பவே அந்தப் பொண்ணுகிட்ட, ‘மாமியார் வர்றதுக்குள்ள இந்தப் பீடை தொலையணும், கம்பளத்த ரெண்டு வார்த்தை புகழு, அவர் குடுத்ததும் மறுக்காம வாங்கிக்கிட்டு கடல் தாண்டிப் போயிடு’ன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கி அனுப்புனதே நான்தாண்ணே.”