எனக்குத் தெரியாத சைக்கிள்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சௌக்கியம், என் இரண்டு கண்கள் நீங்கலாக. அங்கே நீங்கள் அனைவரும் முழு சௌக்கியம் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

முப்பத்தோரு வருஷமாக ஊராருக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான் என்பது நீ அறிந்ததே. போன மாதம், வங்கியில் வேலை பார்க்கும் ஓர் அம்மா தன் எட்டாவது டிரைவிங் கிளாஸில் சடக்கென்று பிரேக் போட்டார். "காலி ரோட்ல எதுக்கும்மா பிரேக்?" என்று கத்தினேன். "சார், சைக்கிள்!" என்றார். "எந்த சைக்கிள்?" என்றேன். என் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே ஒருத்தர் குனிந்து, "இந்த சைக்கிள்தான்யா" என்றார்.

அந்த அம்மா வண்டியை ஓரங்கட்டிட்டு, "கிளாஸ் போதும் சார், நேரா கண் டாக்டர்கிட்ட போறோம், நானே ஓட்டறேன்"னாங்க. அவங்க பார்த்த பார்வையில ஆஸ்பத்திரிக்கு வழி சொல்ல ஆரம்பிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரைக்கும் கடகடன்னு வாசிச்சுக் காலரைத் தூக்கிவிட்டா, டாக்டரம்மா அசரலை. கண்ணோட அழுத்தத்தைப் பார்த்தாங்க. அப்புறம் ஒரு பெரிய வெள்ளைக் கிண்ணத்துக்கு முன்னால மோவாயை வைக்கச் சொல்லி, கையில ஒரு பொத்தானைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியறப்பல்லாம் அமுக்குங்கன்னாங்க. ரொம்ப நேரம் புள்ளியே வரலை. மெஷின் ரிப்பேர்னு எடுத்துச் சொன்னேன். "புள்ளி வந்துக்கிட்டேதான் சார் இருக்கு"ன்னாங்க.

க்ளாக்கோமாவாம். கண்ணுக்குள்ள இருக்கற அழுத்தத்தால பார்வை நரம்பு வலியே இல்லாம கொஞ்சங்கொஞ்சமா பழுதாகுமாம். "அப்ப அந்த இடம் கறுப்பாத்தானே தெரியணும்?"னு கேட்டேன். அதான் வேடிக்கை தம்பி: மூளை கறுப்பா விடாதாம், அக்கம்பக்கத்துல தெரியறதை வச்சு ஒப்பேத்திடுமாம். அதாவது, சைக்கிள் நின்ன இடத்துல என் மூளையே சொந்தமா ரோடு போட்டிருக்கு! விடுவேனா? வீட்டுக்கு வந்து ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு, கரண்டியை அப்படி இப்படி நகர்த்திப் பார்த்தேன். ஓரிடத்துல கரண்டி மறையுது, சுவர் மட்டும் ஓட்டை இல்லாம முழுசா நிக்குது! கரண்டிக்கப்புறம் சீப்பு, சீப்புக்கப்புறம் உன் அண்ணி. "என்னை மறைய வச்சது போதும், மருந்தை விடுங்க"ங்கறா. போன பார்வை திரும்பாதாம். தினமும் தவறாம சொட்டு மருந்து விட்டா இருக்கறதைக் காப்பாத்திக்கலாமாம். வண்டிச் சாவியை உன் அண்ணிகிட்ட ஒப்படைச்சுட்டேன். அன்னிக்கு அந்த அம்மா என் பேச்சைக் கேட்டு பிரேக்கிலேர்ந்து காலை எடுத்திருந்தா... அதை மட்டும் நெனச்சுப் பார்க்க முடியலைடா.

உனக்கு எழுதற காரணம் இதுதான். கூடப்பிறந்தவங்களுக்கு இது வர்ற வாய்ப்பு அதிகமாம். "எனக்கு எல்லாம் நல்லாத் தெரியுது"ன்னு சொல்லாதே, நானும் அதையேதான் சொன்னேன். இந்த வாரமே போய்க் காட்டு.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல் வாழ வாழ்த்தும்,
அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டறதுக்கு முன்னாடி உன் அண்ணி இதைப் படிச்சுட்டுச் சிரிக்கிறா. உனக்கு மூணு வருஷமா இதே வியாதியாம், இதே சொட்டு மருந்தாம். "அண்ணன் பயந்துடுவார், சொல்லாதீங்க அண்ணி"ன்னியாம். அடப்பாவி, இது நீ எனக்கு எழுதியிருக்க வேண்டிய கடிதம்! கீழே உன் கையெழுத்தைப் போட்டு, மூணு வருஷத்துக்கு முந்தின தேதியை எழுதி, எனக்கே திருப்பி அனுப்பு.