வாய்க்கட்டுச் சாமியும் குருவம்மாள் சேவலும்

அந்த வருஷச் சாரலில் குற்றால அருவிக்கு வந்த கூட்டத்தைவிட வாய்க்கட்டுச் சாமியிடம் வந்த கூட்டம் அதிகம். ஐந்தருவிக்குப் போகிற பாதையில் தென்னந்தட்டி அடைத்த கொட்டகை. ஆரியங்காவுக்கு அந்தப் பக்கம் மலையாளக் காட்டில் பன்னிரண்டு வருஷம் தவம் செய்துவிட்டு வந்தவராம். யார் வாயைக் கட்ட வேண்டும் என்று சொன்னால் போதும், கட்டிவிடுவாராம். கோர்ட்டுச் சாட்சியின் வாயைக் கட்ட வந்தவர்கள் ஒரு வரிசை. மாமியார் வாயைக் கட்ட ஒரு மருமகள் நின்றாள். அவளுக்கு நாலு ஆள் பின்னால், மருமகள் வாயைக் கட்ட அதே மாமியார் நின்றாள். சாமி இரண்டு பேரிடமும் காணிக்கை வாங்கிக்கொண்டார். பாரபட்சம் பார்க்காத சாமி.

அந்த வரிசையில் தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு, கையில் ஒரு சாக்குப்பையோடு நின்றான் ஆவுடையப்பன். அவனுக்கு வெட்கமாக இருந்தது. இருக்காதா பின்னே? தென்காசியில் சுயமரியாதைக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டுகிறவன் அவன். சவரக் கடையில் பத்திரிகையை உரக்கப் படித்து, "மூடப்பயலுவளா, உங்களுக்கெல்லாம் புத்தி எப்பம்லே வரும்?" என்று ஊரைக் கேட்கிறவன் அவன். அந்த ஊரில் பாதிப் பேர் இப்போது அவனுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். மீதிப் பாதி பின்னால்.

அவனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது மோட்டார்ப் பரீட்சை. தென்காசி–செங்கோட்டை பஸ்ஸில் ஒன்பது வருஷமாகக் கிளீனர். வண்டி ஓட்டுவதில் புலி. ஆனால் புது மோட்டார்ச் சட்டம் வந்ததிலிருந்து ஓட்டிக் காட்டினால் மட்டும் லைசென்ஸ் கிடையாது. மாதம் ஒரு முறை திருநெல்வேலியிலிருந்து வருகிற மோட்டார் இன்ஸ்பெக்டர் கேட்கிற சட்டக் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். போன மாதம் புலி அங்கேதான் பூனையானது.

"மலைப்பாதையிலே ரெண்டு வண்டி எதிரும் புதிருமா வந்தா எது ஒதுங்கணும்?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"சின்ன வண்டி ஒதுங்கணும்யா. முதலாளிமார் கார் வந்தா எல்லாமே ஒதுங்கணும்."

"எங்கெல்லாம் ஹாரன் அடிக்கக் கூடாது?"

"எங்க வண்டியிலே ஹாரனே கிடையாதுய்யா."

"அடுத்த மாசம் வா" என்றார் இன்ஸ்பெக்டர்.

முதலாளி காந்திமதிநாதன் கறாராகச் சொல்லிவிட்டார். "டிரைவர் சீட்டு காலியா கிடக்கு. அடுத்த மாசமும் கோட்டை விட்டேன்னா கண்டக்டர் கடற்கரை ஏறி உக்காந்திருவான். அவனும் பரீட்சைக்குப் போறான், பாத்துக்கோ."

கடற்கரை ஆவுடையப்பனைவிட எட்டு வயது இளையவன். டிக்கெட் கிழித்த நேரம் போக இரண்டணா கொடுத்து வாங்கிய சட்டப் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இருந்தான். ஆவுடையப்பனும் அதே புத்தகத்தை வாங்கினான். வாங்கியதோடு சரி. அந்தச் சமயத்தில்தான் இலஞ்சி சுடலைக்கண்ணு கதை ஊரெல்லாம் பரவியது. சுடலைக்கண்ணு மூன்று தடவை தோற்றவன். நாலாம் தடவை சாமியிடம் போனான். இன்ஸ்பெக்டர் அன்றைக்கு அவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார், பிறகு தொண்டையைப் பிடித்துக்கொண்டு கையசைத்து அனுப்பிவிட்டாராம். வாய் கட்டுப்படாமல் வேறு என்ன?

ஆவுடையப்பன் யோசித்தான். புத்தகம் நாற்பது பக்கம். காணிக்கையோ ஒரு சேவலும் ஒன்றேகால் ரூபாயும். எது சுலபம் என்று அந்தப் பகுத்தறிவாளர் கணக்குப் பார்த்தார். பரீட்சை அன்று விடியலிலேயே, பெண்டாட்டி குருவம்மாள் தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்து, அவளுடைய செஞ்சேவலைச் சாக்கில் போட்டுக்கொண்டு குத்துக்கல்வலசையிலிருந்து கிளம்பிவிட்டார்.

அவன் முறை வந்தது. சாமி கண்ணைத் திறந்தார்.

"எந்தா வேணும்?"

"இன்ஸ்பெக்டர் வாயைக் கட்டணும் சாமி. மத்தியானம் ரெண்டு மணிக்கு."

சாமி சேவலின் காலில் கறுப்புக் கயிறு ஒன்றைக் கட்டி, தட்டையான ஒரு கூடையைக் கவிழ்த்து மூடினார். கொட்டகைக்குப் பின்னால் வேறொரு சேவல் கூவியது. எந்தச் சேவலும் எதிர்ப்பாட்டுப் பாடாமல் இருக்குமா? கூடைக்குள் சத்தமே இல்லை. மறுபடி கூவியது. இங்கே மூச்சு இல்லை.

"கண்டோ? சேவல் வாய் கட்டியாச்சு. அதுபோல இன்ஸ்பெக்டர் வாயும் கட்டியாச்சு" என்றார் சாமி. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஆவுடையப்பனுக்கு மெய்சிலிர்த்தது. அவன் வீட்டில் அந்தச் சேவல் விடியலுக்கும் கூவும், உச்சிவெயிலுக்கும் கூவும், பஸ் போனாலும் கூவும். அதன் வாயையே கட்டியவருக்கு இன்ஸ்பெக்டர் எம்மாத்திரம்?

"இங்கேருங்க! எங்க என் சேவல்?"

ஆவுடையப்பன் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டான். பிரயோசனம் இல்லை. குருவம்மாள் வந்துவிட்டாள். சேவலைச் சேதாரமில்லாமல் கொண்டுபோக, வீட்டில் கோழியை மூடுகிற பஞ்சாரக் கூடையையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருந்தாள். விடியல் பஸ்ஸிலிருந்து அவன் இறங்கின இடத்தைக் கண்டக்டர் கடற்கரைதான் சொல்லியிருக்க வேண்டும்.

"ஏட்டி, சத்தம் போடாதே. சாமி அதோட வாயைக் கட்டிட்டாரு" என்று ஆவுடையப்பன் கெஞ்சினான்.

அவள் கூடையைப் பார்த்தாள். சாமியைப் பார்த்தாள். அப்புறம் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பதினோரு வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை அவன் வாங்கியதில்லை.

"கயிறுதான வாயைக் கட்டுது சாமி?"

"அதே."

"அப்பம் கயிறு அப்படியே காலுல கெடக்கட்டும். நான் கூடையை மட்டும் மாத்துதேன்."

சாமி கையை நீட்டித் தடுப்பதற்குள் அவள் தட்டைக் கூடையைத் தூக்கிவிட்டு, உயரமான தன் பஞ்சாரத்தைக் கவிழ்த்தாள். சேவல் எழுந்து நின்றது. சிறகை உதறியது. கழுத்தை மேலே நீட்டியது. கறுப்புக் கயிற்றோடு, ஐந்தருவி வரைக்கும் கேட்கிற மாதிரி கூவியது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை.

"ஸ்திரீயுடைய நிழல் பட்டு மந்திரம் கலைஞ்சு" என்றார் சாமி.

"கலைஞ்சிட்டா? அப்பம் கயித்தை அவுத்திருதேன்." அவிழ்த்தாள். வெறுங்காலோடு சேவலைப் பழையபடி தட்டைக் கூடைக்குள் வைத்தாள். பின்னால் அந்த இன்னொரு சேவல் கூவியது. கூடைக்குள் சத்தம் இல்லை.

குருவம்மாள் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "கழுத்தை நீட்டாம எந்தச் சேவலாவது கூவுமா? கோழி வளக்கிற ஒருத்தர்கூடவா இங்கன இல்ல? நீங்கள்ளாம் வீட்டுல சேவலைத் தின்னது மட்டுந்தானா?"

கூட்டத்தில் பாதிப் பேர் கோழி வளர்க்கிறவர்கள்தான். அவர்கள் பேசவில்லை. வாய்க்கட்டு முதல் முதலாகப் பலித்தது அப்போதுதான். பிறகு யாரோ கொட்டகைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்தார்கள். காணிக்கைச் சேவல்கள் முப்பது, சுரண்டைச் சந்தைக்குப் போகக் காலைக் கட்டித் தயாராகக் கிடந்தன. மாமியாரும் மருமகளும் ஒரே மனசாகச் சாமியின் காவித் துண்டைப் பிடித்து இழுத்தார்கள்.

"ஏட்டி, விடுங்கட்டி! எம்மா, நான் பிள்ளைக்குட்டிக்காரன் தாயி!" என்று அலறினார் சாமி. மலையாளம் மலையேறிவிட்டது. அசல் சுரண்டைத் தமிழ்.

இதோடு கதை முடிந்திருந்தால் ஆவுடையப்பனுக்கு நன்றாக இருந்திருக்கும். ஆனால் மணி இரண்டு அடித்தது. தென்காசியில் இன்ஸ்பெக்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டாத வாய். கடற்கரையைப் பத்துக் கேள்வி கேட்டார், பத்துக்கும் அவன் பதில் சொன்னான். அடுத்து ஆவுடையப்பன்.

"மலைப்பாதையிலே எது ஒதுங்கணும்?"

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தான்.

"போன மாசம் கேட்ட அதே கேள்விதானேப்பா? ஒரு மாசமா என்ன செஞ்சே?"

பொய் சொல்ல ஆவுடையப்பனுக்கு அன்றைக்குத் தெம்பு மிச்சம் இல்லை. "ஒங்க வாயைக் கட்ட அலைஞ்சேன்யா" என்றான். சுடலைக்கண்ணு கதையையும் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அட மடையா! அன்னைக்குக் காலையிலே ரெண்டு மணி நேரம் அருவியிலே நின்னேன். தொண்டை கட்டிக்கிட்டுது. அவனைக் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு அவன் சரியாத்தான் பதில் சொன்னான். நாலு தடவை படிச்சிருக்கான்லா? போ, அடுத்த மாசம் வா."

டிரைவர் சீட்டில் கடற்கரை ஏறி உட்கார்ந்தான். அவன் "அண்ணாச்சி, சுத்துங்க" என்று மரியாதையாகச் சொல்லும்போதெல்லாம் ஆவுடையப்பன் வண்டிக்கு முன்னால் குனிந்து இரும்புக் கம்பியைச் சுற்றி இஞ்சினைக் கிளப்பினான். அந்த மரியாதைதான் அவனை அதிகம் சுட்டது. சவரக் கடைப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. யாரை மூடப்பயல் என்று சொல்வது? கண்ணாடி வேறு எதிரிலேயே மாட்டியிருந்தது.

வீட்டில் குருவம்மாள் புத்தகத்தைப் பிரித்து எழுத்துக் கூட்டிக் கேள்வி கேட்டாள். இறங்குகிற வண்டி நிற்க வேண்டும், ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்று அவன் ஒழுங்காகச் சொல்கிற வரைக்கும் குழம்புச் சட்டி அடுப்பை விட்டு இறங்கவில்லை. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் பன்னிரண்டு கேள்வி கேட்டார். பன்னிரண்டுக்கும் பதில் வந்தது. முதலாளி சுரண்டை வழி வண்டியைக் கொடுத்தார். கதவுக்குப் பதில் கயிறு கட்டிய வண்டி. ஆனாலும் ஸ்டீயரிங் இருந்தது.

லைசென்ஸோடு வெளியே வந்தவனைத் தோற்றவர்கள் எல்லாம் சூழ்ந்துகொண்டார்கள்.

"அண்ணாச்சி, இந்தத் தடவை எந்தச் சாமி?"

"சாமியுமில்ல, பூதமுமில்ல. என் வீட்டுக்காரி ஒரு மாசமா உக்கார வச்சுக் கேள்வி கேட்டா."

ஒருவன் பயபக்தியோடு முன்னால் வந்தான். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு காதோரமாகக் கேட்டான்: "அம்மா அருள்வாக்குச் சொல்லுதது என்ன கிழமை? என்ன கொண்டு வரணும்?"

ஆவுடையப்பனுக்குக் கோபம் வரவில்லை. ஒரு மாதத்துக்கு முன் துண்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு நின்ற ஓர் ஆளை அவனுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒண்ணும் வாங்க வேண்டாம்டே. உன் மண்டைக்குள்ள ஒண்ணு இருக்கு பாரு, அதைக் கொண்டு வந்தாப் போதும். நான் அதை வீட்டுல வச்சுட்டுத்தான் சேவலைத் தூக்கிட்டுப் போனேன்."