உச்சி வெயிலில் இஸ்திரி

ஓய்வு பெற்று ஒரு வருஷமாகியும் ஜெர்மனியில் காஸெல் நகரத்து எக்கார்டின் சொல் வீட்டில் அம்பலம் ஏறவில்லை. மத்தியானம் நண்பர்கள் ஃபோல்க்மார், ஊடோவோடு ஆடும் சீட்டாட்டம் ஒன்றில்தான் அவருக்கு மரியாதை. அதனால் பால்கனிக் கம்பியில் ஒரு சோலார் பேனலை மாட்டினார். இனி வீட்டு மின்சாரம் அவர் கையில். மனைவி ரோஸ்விதாவை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்.

“கண்ணாடிக்குள்ள சிலிக்கான் தகடு. வெளிச்சம் பட்டா, உள்ள சும்மா கிடக்கிற எலக்ட்ரானைக் கிளப்பிவிடும். ஒரே பக்கமா ஓடத்தான் வழி. அந்த ஓட்டந்தான் கரண்ட்.”

“சும்மா கிடக்கிறதைக் கிளப்பிவிடுமா? நல்ல சாமான்தான்.” ரோஸ்விதா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கிண்டல் பண்ணாதே. பேனலோட வந்த இந்தப் பெட்டி அதை வீட்டுக் கரண்டா மாத்தி உள்ள அனுப்பும்.”

“ராத்திரிக்குச் சேர்த்து வைக்குமா?”

“வைக்காது. வர்றப்பவே செலவழிக்கணும். இல்லாட்டி தெருக் கம்பிக்குப் போயிடும், கீழ்வீட்டு போல்மான் ஓசியில காப்பி போடுவான். அதனால துவைக்கிறது, இஸ்திரி, கேக் சுடறது எதுவும் இனிமே சாயங்காலம் கூடாது. எல்லாம் உச்சி வெயில்லதான்.”

“அப்ப நான் மருந்துக்கடை வேலையில நிப்பேனே.”

எக்கார்ட் தன் பேச்சு போகிற திசையைத் தாமதமாகத்தான் கண்டார்.

“பரவாயில்ல, போல்மானுக்கே விட்டுடலாம்னா சொல்லு,” என்றாள் ரோஸ்விதா.

போல்மானுக்கா? தினமும் பார்க்கிங் கோட்டைத் தாண்டிக் காரை நிறுத்துகிறவனுக்கா? உயிரே போனாலும் ஒரு வாட் தர மாட்டார் எக்கார்ட்.

மறுநாளிலிருந்து வெயிலைத் துரத்தித் துரத்தித் துவைத்தார். எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டினால் பேனல் கரண்ட் போதாது. ஒன்று முடிந்து ஒன்று என்று பொழுதே போய்விடும். மேகம் வந்தால் இஸ்திரிப்பெட்டியை வைத்துவிட்டு வானத்தை முறைப்பார்.

சாயங்காலம் ரோஸ்விதா வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தாள். “வந்ததும் உட்கார முடியுது, எக்கார்ட். எத்தனை வருஷமாச்சு.”

அவருக்கு மனசு இளகிவிட்டது. முன்பே செய்திருக்கலாமே என்று வெட்கமாகக்கூட இருந்தது. ஆனால் சீட்டாட்டம் போயிற்றே. வாய்விட்டுச் சிரிக்க அவருக்கு வேறு இடமில்லை, அந்த ஏக்கம் அவரைத் தின்றது. ஒரு வியாழக்கிழமை பொறுமை போயிற்று. போல்மான் காப்பி குடித்தால் குடித்துத் தொலையட்டும் என்று ஃபோல்க்மாரை ஃபோனில் கூப்பிட்டார்.

“இப்பவே வர்றேன். ஊடோவையும் வரச்சொல்லு.”

“இன்னிக்கு முடியாதுப்பா. துணி ஓடிட்டிருக்கு.”

“உனக்கென்னடா துணி?”

“எங்க வீட்டுலயும் பேனல் மாட்டியாச்சு. ஊடோ வீட்டுலயும்தான். அவன் இப்ப கேக் சுட்டுட்டிருக்கான்.”

“யாரு சொல்லி மாட்டினீங்க?”

“உன் ரோஸ்விதாதான். எலக்ட்ரான்ல ஆரம்பிச்சு இஸ்திரி வரைக்கும் எங்க வீட்டம்மாவுக்கு விலாவாரியா விளக்கினா. எல்லாம் நீ சொல்லிக்குடுத்ததாமே, பாவி. வெயில் போறதுக்குள்ள ஃபோனை வை.”